ரெனிட்டாவின் மூன்றாவது ‘அல்லது’

எங்கள் தெருமுனை ஆட்டோ நிறுத்தத்தில் ரெனிட்டாவை அறியாதவர் இல்லை. காலை எட்டரை மணிக்கு அவள் பெருங்குடிக்குப் புறப்படுவாள். வண்டியில் ஏறி அமர்ந்ததும் வழி சொல்லத் தொடங்குவாள்.

“அடையார் வழியா போலாங்க. பிரிட்ஜ்ல டிராஃபிக்னா கோட்டூர்புரம் போயிடலாம். அதுவும் இல்லன்னா கிண்டி, வேளச்சேரின்னு சுத்திக்கிட்டும் போலாம்.”

ஓட்டுநர் ஆனந்தகுமார் ஒருநாள் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தார். “மேடம், நான் ஒரே ஒரு ஆட்டோதான் வெச்சிக்கினு கீறேன். எந்த ரோட்ல உடட்டும்?”

ரெனிட்டா சிரித்தாள். சிரித்துவிட்டு, மூன்று வழிகளிலும் உள்ள நன்மை தீமைகளை முறையாக எடுத்துரைத்தாள். அன்று அவள் அலுவலகத்திற்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தாள் என்பது எனக்குத் தெரியாது. தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள் என்பது மட்டும் தெரியும்.

அவள் என் எதிர்வீட்டுக்காரி. மயிலாப்பூரில், சாந்தோம் கோயில் மணியோசை தெளிவாகக் கேட்கும் தொலைவில் எங்கள் அடுக்ககம் இருக்கிறது. அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. கணவர் ஆஸ்டின் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ‘நில்’, ‘ஓடு’ என்ற இரண்டே சொற்களால் முப்பது ஆண்டுப் பணிக்காலத்தை முடித்துவிடக்கூடியவர். அந்த வீட்டில் பேச்சு எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் தங்கத்திடமும் ரெனிட்டா இப்படித்தான். “வஞ்சிரம் குடுங்க. இல்லன்னா கொடுவா. ரெண்டும் சரியில்லன்னா சங்கரா” என்று தொடங்கினால் தங்கம் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். “யம்மா, கூடைல இன்னா கீதோ அதத்தான் நான் குடுக்க முடியும். நீ மொதல்ல கூடையப் பாரு.”

மகளின் திருமுழுக்கின்போதும் இதுவே நிகழ்ந்தது. குழந்தைக்கு என்ன பெயர் என்று பங்குத்தந்தை கேட்டிருக்கிறார். நிலா என்று வைக்கலாம், மாமியார் பெயரான டோரதியையும் வைக்கலாம், பாட்டியின் பெயரான மரியம்மாளும் பொருந்தும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். கையில் தண்ணீரோடு நின்றிருந்த அவர் எல்லாவற்றையும் சேர்த்தே ஊற்றிவிட்டார். மரியம்மாள் டோரதி நிலாவுக்கு இப்போது பதினான்கு வயது. தேர்வு விண்ணப்பங்களில் கட்டங்கள் போதாமல் ஒவ்வோராண்டும் தாயைக் குற்றம் சாட்டி வருகிறாள்.

இத்தகைய பெண்மணிக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? பிறருக்கு வழி சொல்லும் வேலை. பெருங்குடியில் கடைகளுக்கான மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில், அந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாக எழுதிக் கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. பதினாறு ஆண்டுகளாக ஆங்கிலத்தில் எழுதி வந்தாள். கடைக் கவுன்ட்டரில் உட்காருபவர்கள் தமிழ் படிப்பவர்கள், அவர்களுக்குத் தமிழில் எழுத வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாக மேலதிகாரி மகேஷிடம் மன்றாடினாள். கடைசியில் அவர் இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். தியாகராய நகரில் ஒரே ஒரு துணிக்கடை, அதிலும் புடவை மாற்றிக் கொடுக்கும் ஒரே ஒரு கவுன்ட்டர். அங்கிருந்து உதவி மையத்திற்கு வாரத்துக்கு இருபது அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. தமிழ்த் தாளை ஒட்டிய பிறகு அவை குறைய வேண்டும். குறையாவிட்டால் தமிழ் வழிகாட்டி என்ற பேச்சையே மறுபடி எடுக்கக் கூடாது.

தாளை எழுதியதும் ரெனிட்டா அதை என்னிடம் கொண்டுவந்தாள். அச்சகத்தில் நாற்பதாண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள் என்ற முறையில் நான் சிவப்பு மைப் பேனாவோடு அமர்ந்தேன். ஒற்றுப் பிழைகள் ஒன்பது, கால்புள்ளிப் பிழைகள் நான்கு. அனைத்தையும் களைந்து, மாசற்ற தாளாகத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் படி இவ்வாறு அமைந்திருந்தது:

‘விலைச்சீட்டில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்யவும். அல்லது பில் எண்ணை உள்ளிடவும். அல்லது புடவையை வாங்கியவரின் கைப்பேசி எண்ணை உள்ளிடவும். அல்லது, ஸ்கேனர் வேலை செய்யாதபோது, விலைச்சீட்டில் உள்ள சரக்கு எண்ணைத் தட்டச்சு செய்யவும்.’

நான்காம் படி அதைவிட நீளம். பார்கோடை ஸ்கேன் செய்திருந்தால் இப்படி, பில் எண்ணை உள்ளிட்டிருந்தால் அப்படி, கைப்பேசி எண் எனில் முதலில் பில்லைத் தேர்ந்தெடுத்துப் பின்னர் புடவையைத் தேர்ந்தெடுத்து என்று அது கிளைவிட்டுச் சென்றது. மூன்றாம் படியின் மூன்றாவது ‘அல்லது’வை அடுத்து ஒரு கால்புள்ளி இட்டவள் நானே. அதற்காக நான் அன்று பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

“எதுக்கு இத்தனை வழி?” என்று போகிற போக்கில் கேட்டேன்.

“ஒருத்தங்ககிட்ட பில் இருக்கும், ஒருத்தங்ககிட்ட இருக்காது ஆன்ட்டி. யாரும் திரும்பிப் போயிடக் கூடாது.”

இதன் வேர் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவளுடைய தந்தை ஆரோக்கியநாதன் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் எழுத்தர். இன்னின்ன தாள்கள் வேண்டும் என்று பலகையில் ஒரே ஒரு வழி எழுதியிருக்கும். அவற்றில் ஒன்றில்லாமல் வருபவர்கள் வெயிலில் திரும்பிப் போவார்கள். வேறு தாளைக் கொடுத்தாலும் செல்லும் என்று அவருக்குத் தெரியும். பலகையில் இல்லாததால் தாழ்ந்த குரலில்தான் சொல்வார், அதுவும் காதில் விழுந்தவர்களுக்கு மட்டும். மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சிறுமி ரெனிட்டா இதைப் பார்த்திருக்கிறாள். அன்று பலகையில் எழுதாமல் விட்ட எல்லாவற்றையும் வாழ்நாள் முழுவதும் எழுதித் தீர்ப்பது என்று அவள் முடிவுசெய்துவிட்டாள் போலும்.

முதல் வாரம் முடிந்தது. இருபதாக இருந்த அழைப்புகள் முப்பத்தேழாக உயர்ந்திருந்தன.

“தாள் ஒட்டலைன்னா இருபது. ஒட்டினா முப்பத்தேழு” என்றாராம் மகேஷ். “ரெனிட்டா, தாளைக் கிழிச்சிட்டாலே பதினேழு குறையும் போல இருக்கே.”

அவர் இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் அந்தக் கவுன்ட்டரில் நிற்க இடமிருக்காது. அதற்குள் சரியாக வேண்டும். ரெனிட்டா அன்று மாலை என் வீட்டுக்கு வந்தபோது, காப்பி வேண்டுமா, தேநீர் வேண்டுமா என்ற கேள்விக்கு ‘ஏதாவது’ என்று ஒரே சொல்லில் பதில் சொன்னாள். நிலைமை மோசம் என்று அதிலிருந்தே எனக்குப் புரிந்தது.

மறுநாள் அந்தக் கடைக்கே போய் நேரில் பார்ப்பது என்று தீர்மானித்தாள். நானும் உடன் புறப்பட்டேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டாலும் எனக்கு வேறொரு காரியம் இருந்தது. என் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு அண்ணன் மகள் சிந்து அதே கடையில் ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்திருந்தாள். அன்பில் குறைவில்லை. நிறம்தான் கிளிப்பச்சை, அதற்குச் செங்கல் நிறத்தில் கரை. அதைச் சிந்துவுக்குத் தெரியாமல் மாற்றிவிட வேண்டும்.

கடை முதலாளி தனபாலன் திருநெல்வேலிப் பக்கத்தவர். வாசலிலேயே வரவேற்றார். “வாங்கம்மா. வழி நெறைய இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஆனா கூட்டம் நகராம ஒரே எடத்துல நிக்குதே, அது ஏன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.” கடுமையில்லாமல்தான் சொன்னார். ரெனிட்டாவின் முகம் அதற்கே வாடிவிட்டது.

மூன்றாம் மாடியில் மாற்றுக் கவுன்ட்டர். அங்கே ஸ்வர்ணலதா என்ற அம்மையார் அமர்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த இருக்கையில் இருப்பவர். ரெனிட்டாவின் தாள் அவருக்கு முன்னே கண்ணாடியின் அடியில் இருந்தது. வந்திருப்பவள்தான் அதை எழுதியவள் என்று தெரிந்ததும் அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானா மேடம் அது? உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாலாவதுல ‘செய்திருந்தால்’, ‘செய்திருந்தால்’னு எழுதியிருக்கீங்களே, நான் எந்தச் செய்திருந்தால்?”

“அதாவது… மூணாவதுல நீங்க எதைச் செஞ்சீங்களோ, அது.”

“மூணாவதுல நான் எல்லாத்தையும் செஞ்சனே. எழுதிக் கீதேன்னு ஸ்கேனும் அடிச்சேன், பில் நம்பரும் போட்டேன், போன் நம்பரும் போட்டேன். ஒண்ண உட்டா தப்பாயிடுமோன்னுதான். அதுக்கப்புறம் அது செவப்பா ஒரு கட்டம் காட்டிச்சு பாருங்க, நான் எழுந்து நின்னுட்டேன்.”

ரெனிட்டா தன் குறிப்பேட்டில் எதையோ எழுதினாள். அவள் காது மடல்கள் சிவந்திருந்தன.

“அந்த மூணையும் போட முடிஞ்சது மொத நாள் வந்த ஒரு ஆளுக்குத்தான்” என்று ஸ்வர்ணலதா தொடர்ந்தார். “மத்தவங்க கையில ஒண்ணுமே கிடையாது.”

அது எப்படி என்று ரெனிட்டா கேட்டாள். ஸ்வர்ணலதா வரிசையைக் காட்டினார். நாங்கள் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து பார்த்தோம்.

வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒன்பது பேர் கொண்டுவந்தவை பரிசாகப் பெற்ற புடவைகள். வளைகாப்புக்கு வந்தது, கிரகப்பிரவேசத்தில் தட்டில் வைத்துக் கொடுத்தது, நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் தந்தது. தட்டில் வைப்பதற்கு முன் விலைச்சீட்டைக் கத்தரித்துவிடுவதுதானே நம் ஊர் மரியாதை? எவ்வளவு செலவழித்தோம் என்பது பெற்றுக்கொள்பவருக்குத் தெரியலாகாது. ஆகவே பார்கோடு, யாரோ ஒருவர் வீட்டுக் குப்பைக்கூடையில் கிடந்தது. பில், கொடுத்தவரின் அலமாரியில் இருந்தது. ரெனிட்டாவின் முதல் இரண்டு வழிகளும் மூடியிருந்தன.

“மூணாவது வழி இருக்கே” என்றாள் ரெனிட்டா, தளராமல். “வாங்கினவங்க போன் நம்பர்.”

“அதப் போட்டா வாங்குனவங்களுக்கு மெசேஜ் போவுது மேடம். ‘உங்கள் புடவை மாற்றப்பட்டது, நன்றி’ன்னு.”

வரிசையில் நின்றிருந்த இளம்பெண் ஒருத்தி பதறிப்போனாள். “ஐயோ, வேண்டாங்க. இது என் நாத்தனார் எடுத்துக் குடுத்தது.”

“கேட்டீங்களா? நேத்து ஒருத்தரு நம்பர் குடுத்துட்டாரு. மெசேஜ் போயி, குடுத்த அம்மா இங்கயே போன் பண்ணி, ‘எதுக்கு மாத்துறாங்க, கலர் புடிக்கலியா’ன்னு என்னக் கேக்குறாங்க. நான் இன்னா சொல்றது? அதான் எல்லாத்துக்கும் உங்க ஹெல்ப்லைனுக்குப் போன் பண்றேன். அவங்களும் ‘மூணாவது படிய நல்லாப் படிங்க’ன்றாங்க. படிச்சுப் படிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிடிச்சு.”

நான் மடியிலிருந்த கிளிப்பச்சைப் புடவையை மெல்ல முந்தானையால் மூடிக்கொண்டேன்.

“பாட்டிம்மா, நீங்களும் மாத்தத்தானே வந்தீங்க? கொண்டாங்க” என்று ஸ்வர்ணலதா கையை நீட்டினார். அவருடைய கண்ணிலிருந்து எதுவும் தப்பாது போலிருக்கிறது. “யாரு குடுத்தாங்க?”

“அண்ணன் மகள்.”

“பில்லு?”

“அவகிட்ட இருக்கு.”

“சீட்டு?”

நான் புடவையை மட்டும் நீட்டினேன்.

அவர் பெருமூச்சு விட்டவாறு புடவையை வாங்கினார். வாங்கிய கை, தானாகவே மடிப்பைப் பிரித்து, உள்முனையைப் புரட்டியது. அங்கே ஒரு கணம் பார்வை நின்றது. பிறகு மறுபடி மடிக்கத் தொடங்கினார். அன்று வந்த ஒவ்வொரு புடவைக்கும் அவர் இப்படியே செய்ததை நான் கண்டிருந்தேன். கறை பார்க்கிறார் என்று நினைத்தேன். ரெனிட்டா அப்படி நினைக்கவில்லை.

“அங்க என்ன பாக்குறீங்க?”

“பழக்கதோசம் மேடம். உள்ள மொனையில மையில நம்பர் அடிச்சிருப்பாங்க. முன்ன நோட்டு இருந்தப்ப இந்த நம்பரப் பாத்துதான் எழுதுவோம். இப்பதான் நோட்ட எடுத்துட்டாங்களே.”

ரெனிட்டா குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் நகமளவு இடத்தில், நீல மையில், எட்டு இலக்கங்கள். விற்காமல் இருந்த புடவை ஒன்றை ஓடிப்போய் எடுத்துவந்தாள். அதன் விலைச்சீட்டையும் உள்முனையையும் ஒப்பிட்டாள். சீட்டில் பார்கோடின் கீழே இருந்த அதே எண்தான் துணியிலும் இருந்தது.

“இந்த நம்பரை ஸ்கேன் கட்டத்துலயே டைப் பண்ணிப் பாருங்க” என்றாள்.

ஸ்வர்ணலதா ஒரு விரலால் எட்டு இலக்கங்களையும் அழுத்தினார். என் கிளிப்பச்சைப் புடவை திரையில் வந்து நின்றது. ‘மாற்று’ என்னும் பொத்தானை அழுத்தினார். முடிந்தது.

“மெசேஜ்?” என்று வரிசையிலிருந்த இளம்பெண் கேட்டாள்.

“போகாது” என்றாள் ரெனிட்டா. “போன் நம்பர் வழியா போனாத்தான் மெசேஜ் போகும்.”

ஸ்வர்ணலதா திரையைப் பார்த்தார். அடுத்துக் கண்ணாடியின் அடியில் இருந்த தாளைப் பார்த்தார். “இவ்ளோ ஈசியா ஒரு வழிய வெச்சிக்கினு, இத ஏன் மேடம் நீங்க எழுதல?”

ரெனிட்டா விரலை வைத்துக் காட்டினாள். எழுதியிருந்தாள். மூன்றாம் படியில், மூன்றாவது ‘அல்லது’வுக்குப் பின்னால், நான் இட்ட கால்புள்ளிக்கு அப்பால். ஸ்கேனர் பழுதானால் மட்டும் என்பதுபோல், விலைச்சீட்டில் உள்ள எண் என்று. சீட்டே இல்லாதவர்கள் அந்த வாக்கியம்வரை ஏன் வருவார்கள்? வந்தாலும், அது தங்களுக்கானது என்று எப்படி அறிவார்கள்?

“கடைசில ஒளிச்சு வெச்சிட்டு, தேடலியான்னா எப்பிடி மேடம்” என்றார் ஸ்வர்ணலதா. கேலியாகச் சொன்னாலும் கையோடு அந்த நாத்தனார் புடவையையும் வாங்கி, எண்ணைத் தட்டி, மாற்றிக் கொடுத்துவிட்டார்.

மதிய உணவு இடைவேளையில் கவுன்ட்டரின் ஓரத்திலேயே புதிய தாள் உருவாயிற்று. தொடக்கம் எளிதாக இருந்தது. ‘புடவையின் உள்முனையில் நீல மையில் உள்ள எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணை முதல் கட்டத்தில் தட்டச்சு செய்யுங்கள்.’ இவ்வளவு எழுதிய ரெனிட்டா, என்ன செய்கிறோம் என்பதை உணராமலேயே ‘அல்லது’ என்று எழுதத் தொடங்கினாள்.

ஸ்வர்ணலதா தயிர்ச்சாத டப்பாவை மூடினார். “மறுபடியுமா?”

“இல்லைங்க, சிலர் பில்லோட வருவாங்களே. அவங்களுக்கும் ஒரு வழி சொல்லணுமில்ல?”

“பில்லோட வர்றவங்க கையில பொடவ இருக்குமா, இருக்காதா?”

“இருக்கும்.”

“சீட்டோட வர்றவங்க கையில?”

“இருக்கும்.”

“பொடவ இல்லாம யாராச்சும் பொடவ மாத்த வருவாங்களா மேடம்?”

ரெனிட்டாவின் பேனா நின்றது. பதினாறு ஆண்டுகளாக மென்பொருளில் என்னென்ன வாசல்கள் திறந்திருக்கின்றன என்று பார்த்துப் பார்த்து எழுதியவள் அவள். வருபவரின் கையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து ஒருபோதும் எழுதத் தொடங்கியதில்லை. மீன்கூடைக்காரத் தங்கம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அப்போது சொல்வது அழகன்று என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவள் பாதி எழுதிய சொல்லை அடித்தாள். மற்ற வழிகளை முழுமையாகத் துறக்க அவளால் முடியவில்லை. அவை தாளின் பின்பக்கத்திற்குப் போயின. அங்கேயும், ‘எண் அழிந்திருந்தால் மட்டும் இந்தப் பக்கத்தைப் பாருங்கள்’ என்று தலைப்பிலேயே எழுதினாள். அதன் கீழே பில் உள்ளவருக்கு ஒன்று, பில் இல்லாதவருக்கு ஒன்று என இரண்டு தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றும் முதற்படியிலிருந்து கடைசிப்படிவரை தனக்குள்ளேயே முடிந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவ வேண்டியதில்லை. பில் இல்லாதவருக்கான கைப்பேசி எண் வழியில், ‘வாங்கியவருக்குச் செய்தி போகும், சம்மதமா என்று முதலில் கேளுங்கள்’ என்பது முதல் வரியாக வந்தது.

நான் பார்த்துக் கொடுத்தேன். ஓர் ஒற்று மட்டும் விடுபட்டிருந்தது. கால்புள்ளிக்கு வேலையே இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. மகேஷ் ரெனிட்டாவைத் தம் அறைக்கு அழைத்திருக்கிறார். அவள் கதவருகிலேயே நின்றிருக்கிறாள்.

“கடைசி வாரம் நாலு கால்” என்றாராம். “அதுல ரெண்டு, பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சுன்னு. மூணாவது, உங்களை விசாரிச்சு யாரோ ஸ்வர்ணலதாவாம்.”

“நாலாவது?”

“நீங்க பின்பக்கத்துல எழுதியிருக்கீங்களே, அதை ஒருத்தர் ஆசைப்பட்டுப் படிச்சிட்டார்.” பிறகு அவர் சிரித்துவிட்டாராம். “அடுத்த கடைக்கும் தமிழ்லயே எழுதுங்க. நகைக்கடை. முன்பக்கம் மட்டும் போதும்.”

இதை அவள் என் வீட்டுக் கூடத்தில் நின்றபடி மூன்று முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாகச் சொன்னாள் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். ஆஸ்டின் கேட்டுவிட்டு, “நல்லது” என்றார். அவருடைய அளவுக்கு அது நீண்ட உரை.

சாம்பல் நிறத்தில் மெல்லிய மெரூன் கரையிட்ட என் புதிய புடவையைச் சிந்து சென்ற வாரம் பார்த்தாள். தன் தேர்வு எனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மகிழ்ந்தாள். கிளிப்பச்சையை அவள் மறந்துவிட்டாளா, அவளும் என்னைப்போல மரியாதை தெரிந்தவளா என்று நான் ஆராயவில்லை.

மகேஷ் நகைக்கடைக்கு இசைந்த மறுநாள் காலையில் ஆட்டோ ஓட்டுநர் ஆனந்தகுமார் என்னைத் தெருமுனையில் நிறுத்தினார். “பெரிம்மா, உங்க எதுத்த வூட்டு மேடத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா? ஏறுனாங்க, ‘அடையார் வழியா போங்க’ன்னாங்க, அவ்ளோதான். பெருங்குடி வர்ற வரைக்கும் வாயே தொறக்கல. எனக்கு பேஜாராப் பூட்சு.”

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கு உறுதி கூறினேன்.

நான்கைந்து நாள் சென்று அவர் மறுபடி கூப்பிட்டார். இம்முறை முகத்தில் நிம்மதி தெரிந்தது. “இன்னிக்கு சரியாயிட்டாங்க பெரிம்மா. மூணு ரோடு சொன்னாங்க.”